மிக்ஸி இருக்கப் பாக்கெட் பலகாரம் எதற்கு?

  

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே கூட்டேரிப்பட்டு என்னும் ஊர் உண்டு. மயிலம் செல்வோர் இறங்கி வழி மாறும் இடம் அது. பேருந்து நிற்கும் இடம் எதுவாயினும் அங்கே பெட்டிக்கடை உண்டு. பெட்டிக்கடை இருந்தால் அதன் முகப்பில் சரம் சரமாகத் தொங்கும் வண்ணப் பாக்கெட்டுகளும் உண்டு. மாலை வேளையில் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகள் பலரின் ஒரு கையில் கிதாபு. மறு கையில் அந்தப் பாக்கெட். இது கூட்டேரிப்பட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று. இதைப் படிக்கும் உங்கள் ஊரிலும் இதுவே நிலை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதில் வியப்பு என்னவெனில், இந்த வட்டாரம் பலகாரத்துக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் தன் மண்ணிலேயே விளைவிக்கும் வட்டாரம். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வேர்க்கடலையில் 'டி.எம்.வி. 2', 'டி.எம்.வி. 7' என்று உழவர்கள் சொல்லும் ரகங்கள் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவையே. எள்ளிலும் அவ்வாறே 'டி.எம்.வி.' ரகங்கள் உண்டு. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் பெயர் பெற்றது. சற்றுத் தெற்கே போனால் பண்ருட்டி. அங்கே முந்திரியும் பலாவும். கடலையும் எள்ளும் கரும்பும் முந்திரியும் சூழ்ந்த ஊரில், நம் பிள்ளைகள் எங்கோ தயாராகி வந்த பாக்கெட்டைப் பிரித்துத் தின்கிறார்கள்!

"வேலைக்கு எங்கே நேரம்?" என்று சகோதரிகள் கேட்பது நியாயமே. ஆனால் அந்த நேரத்தை மீட்டுத் தரும் கருவி ஒன்று ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் வந்துவிட்டது. அதுதான் மிக்ஸி. காலையில் சட்னி அரைப்பதோடு அதன் கடமை முடிந்ததென்று துணியைப் போர்த்தி வைத்துவிடுகிறோம். அதன் முழுப் பயனையும் பெறும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சு மிட்டாய் தந்த பாடம்

கடைப் பண்டங்கள் யாவும் கெட்டவை என்று கூறுவது நேர்மையாகாது. முறையாகத் தயாரிப்போரும் இருக்கின்றனர். ஆயினும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்ததை நினைவுகூருங்கள். புதுச்சேரியில் விற்கப்பட்ட பஞ்சு மிட்டாயைச் சோதித்தபோது, அதில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருந்தது தெரியவந்தது. துணி முதலியவற்றுக்கு நிறமூட்டப் பயன்படும் சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. புதுச்சேரி அரசு விற்பனையைத் தடை செய்தது. அம்மாதம் 17ஆம் நாள் தமிழ்நாடு அரசும் நிறமூட்டிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. குழந்தை அழுததற்காக அன்போடு வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு அதன் இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

வீட்டில் செய்யும் பண்டத்தின் முதற்சிறப்பு சுவையன்று. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும் என்பதே. ஹலாலான, தூய்மையான உணவைத் தேடுவதை மார்க்கக் கடமையாகக் கருதும் நமக்கு இந்தத் தெளிவு பெரும் நிம்மதி அல்லவா?

இந்தக் கருவி வந்த வரலாறு

மிக்ஸியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது சுவையானது. ஐரோப்பாவில் செய்யப்பட்ட பழைய கலவைக் கருவிகள், பழத்தையும் பாலையும் கலப்பதற்காக அமைந்தவை. காய்ந்த மஞ்சளையும் ஊறிய உளுந்தையும் அவற்றில் போட்டால் மோட்டார் தாங்காது. மாதுரி மாத்தூர் என்னும் இல்லத்தரசியிடம் இருந்த அத்தகைய கருவி பழுதாகிப் போனது. பொறியாளரான அவருடைய கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர், நம் நாட்டுச் சமையலைத் தாங்கும் கருவியொன்றை உருவாக்க முனைந்தார். அதன் விளைவாக 1963இல் வந்ததே 'சுமீத்' மிக்ஸி. பிற்காலத்தில் மிக்ஸி என்றாலே சுமீத் என்று சொல்லும் அளவுக்கு அப்பெயர் வீடுகளில் நிலைத்தது. 1978இல் சென்னையில் 'பிரீத்தி' தொடங்கியது. இவற்றுக்கு முன்னரே 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கியிருந்தார்.

நெடுங்காலம் வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாக இருந்த மிக்ஸி, எளியோர் வீட்டுக்கும் வந்ததற்கு அரசுத் திட்டமும் ஒரு காரணம். 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அம்மிக்கல்லின் முன் குனிந்தும் உரலின் முன் அமர்ந்தும் நம் பாட்டிமார் கழித்த மணிநேரங்களை நினைத்தால், இது எத்தகைய விடுதலை என்பது விளங்கும்.

ஒரு கருவி, பல வேலை

இன்று கிடைக்கும் மிக்ஸிகளில் ஈர அரைப்புக்குப் பெரிய ஜார், பொடிக்கு நடுத்தர ஜார், சட்னிக்குச் சிறிய ஜார் ஆகியவை இருக்கும். சிலவற்றில் நான்காவதாக அகன்ற பாத்திரம் ஒன்றும் வருகிறது. அதில் மாவு பிசையலாம், காய் நறுக்கலாம், கேரட் துருவலாம், பழச்சாறும் எடுக்கலாம். அந்த நான்காவது பாத்திரம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. கீழே சொல்லும் பண்டங்களில் சமோசா மாவு பிசைவது ஒன்றைத் தவிர மற்றவை யாவும் சாதாரண மூன்று ஜார்களிலேயே முடியும்.

மிக்ஸியைக் குறித்து ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்ளுங்கள். கிரைண்டரின் கல் நிதானமாகச் சுழன்று நசுக்குவது. மிக்ஸியின் கத்தியோ சுமையின்றி ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழன்று வெட்டுவது. வேகம் மிகுந்தால் சூடும் மிகும். பலகாரம் கெட்டுப் போவதற்கும் மோட்டார் கருகுவதற்கும் பெரும்பாலும் இந்தச் சூடே காரணம். ஆகவே குமிழை இடப்பக்கம் திருப்பி விட்டு விட்டு ஓட்டும் பழக்கமே பலகாரத்துக்கு ஏற்றது.

கடலை–எள் உருண்டை

நம் வட்டாரத்துக்கே உரிய பண்டத்திலிருந்து தொடங்குவோம். வேர்க்கடலை 250 கிராம், எள் 50 கிராம், பொடித்த வெல்லம் 150 கிராம், ஏலக்காய் மூன்று. கடலையை மிதமான தீயில் வறுத்து, ஆறியபின் தோலை நீக்குங்கள். எள்ளைத் தனியே, படபடவென்று பொரியும்வரை வறுத்து ஆறவிடுங்கள்.

முதலில் எள்ளையும் ஏலக்காயையும் பொடியுங்கள். பின்னர் கடலையைச் சேர்த்து இரண்டு இரண்டு விநாடியாக, விட்டு விட்டு ஓட்டுங்கள். வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். இடைவிடாமல் ஓட்டினால் சூட்டில் அந்த எண்ணெய் வெளிப்பட்டுக் கடலை விழுதாகிவிடும். ரவைபோல் பொடிந்தவுடன் வெல்லத்தைச் சேர்த்து மூன்று நான்கு முறை ஓட்டினால் போதும். இப்போது சிறிதளவு கசியும் எண்ணெயும் வெல்லத்தின் பிசுபிசுப்பும் சேர்ந்து, பாகு காய்ச்சாமலேயே உருண்டை பிடிக்க வரும். மொத்த வேலையும் அரை மணி நேரத்தில் முடியும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பூத்த கடலையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணத்தின் நஞ்சு கண்டறியப்பட்டது. அதுவே அஃப்ளாடாக்சின். கல்லீரலைப் பாதிக்கும் அந்த நஞ்சு வறுப்பதால் முழுமையாக அழிவதில்லை. மேலும், சிறு குழந்தைகளுக்கு முழுக்கடலையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். கடலை ஒவ்வாத பிள்ளைகளும் உண்டு; முதன்முறை கொடுக்கும்போது கவனம் தேவை.

பருப்பு வடை

நோன்புக் கஞ்சிக்கு இணையாக வடை இல்லாத இஃப்தார் நம் பள்ளிவாசல்களில் ஏது? கடலைப் பருப்பு 200 கிராமை இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். பின்னர் வடிதட்டில் கொட்டி, நீர் முற்றிலும் இறங்கும்வரை விடுங்கள். வடையின் வெற்றி இங்கேதான் இருக்கிறது. இரண்டு கரண்டிப் பருப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைச் சோம்பு, மிளகாய், இஞ்சியுடன் துளி நீரும் விடாமல் கொரகொரப்பாக விட்டு விட்டு அரையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் அடியில் கூழாகும், மேலே முழுப்பருப்பாக நிற்கும். எடுத்து வைத்த பருப்பையும் நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றையும் கடைசியில் கையால் கலந்து தட்டிப் பொரித்தெடுங்கள். அரைக்கும்போது நீர் சேர்த்தால் வடை எண்ணெயில் உதிரும். எண்ணெயையும் மிகுதியாகக் குடிக்கும்.

சமோசா விரும்புவோர், மாவு பிசையும் பாத்திரத்தில் 250 கிராம் மாவு, உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் இட்டு, 125 மில்லி நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். மாவு திரண்டு பந்தானவுடன் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடி வைத்தால் மாவு இழுவை தளர்ந்து, தேய்ப்பதற்கு இணங்கும்.

வட்டலப்பம்

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கை முஸ்லிம் இல்லங்களிலும் பெருநாள் என்றால் வட்டலப்பம். இலங்கையில் குடியேறிய மலாய் மக்களோடு தொடர்புடைய பண்டமாக இதைச் சொல்வர். நம் உள்நாட்டு ஊர்களில் இதைச் செய்யத் தயங்குவோர் பலர். தேங்காய்ப் பால் பிழிவதே அந்தத் தயக்கத்தின் முதற்காரணம். அந்த வேலையை மிக்ஸி சுலபமாக்கிவிடுகிறது.

ஒரு தேங்காயின் துருவலை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரோடு அரை நிமிடம் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, கெட்டிப் பால் 250 மில்லி எடுங்கள். கருப்பட்டி 250 கிராமைச் சிறிது நீரில் கரைத்துக் காய்ச்சி வடிகட்டி, முற்றிலும் ஆறவிடுங்கள். முந்திரி பதினைந்தையும் ஏலக்காய் நான்கையும் தேங்காய்ப் பாலில் கொஞ்சம் விட்டு மைய அரையுங்கள். பின்னர் முட்டை ஆறினை அதே ஜாரில் உடைத்து ஊற்றி, குறைந்த வேகத்தில் இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓட்டினால் நுரை கட்டி, வெந்தபின் அப்பம் ஓட்டை ஓட்டையாக வரும். எல்லாவற்றையும் கலந்து வடிகட்டி, பாத்திரத்தில் ஊற்றி, மேலே மூடி இட்டு, இட்லிப் பானையில் மெல்லிய தீயில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடுங்கள்.

தீயைக் கூட்டி விரைவில் முடிக்க எண்ணாதீர்கள். பாலில் கரைந்த முட்டை 80 பாகை செல்சியஸை ஒட்டியே இறுகிவிடும். தளதளவென்று கொதித்தால் இறுகியது சுருங்கி நீரைக் கக்கிவிடும். பாகு சூடாக இருக்கும்போது முட்டையைச் சேர்த்தாலோ, வட்டலப்பம் முட்டைப் பொரியலாகிவிடும்!

கடற்பாசி

இஃப்தார் தட்டில் கண்ணைக் கவரும் கடற்பாசி, உண்மையிலேயே கடலில் விளையும் செந்நிறப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி ஆகியவற்றைச் சேகரிக்கிறார்கள். பாக்கெட் ஜெல்லி, மிட்டாய் வகைகள் சிலவற்றில் சேரும் ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து தயாராவது. எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்னும் வினா அங்கே எழுகிறது. கடற்பாசியில் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

கடற்பாசி 10 கிராம், மொத்தம் ஒரு லிட்டர் திரவத்தை உறைய வைக்கும். நறுக்கிய பாசியை 300 மில்லி நீரில் அரைமணி ஊறவைத்து, இழை தெரியாமல் கரையும்வரை கொதிக்க வையுங்கள். 600 மில்லி பாலைச் சர்க்கரையோடு காய்ச்சி, சூடாக இருக்கும்போதே பாசிநீரை வடிகட்டிச் சேருங்கள். குளிர்ந்த பாலில் ஊற்றினால் பாசி உடனே உறைந்து திரி திரியாகும். ஏனெனில் அது 40 பாகைக்குக் கீழே இறங்கியதும் உறையும் இயல்புடையது. அடுப்பிலிருந்து இறக்கியபின், மிக்ஸியில் அரைத்த மாம்பழ விழுது 100 மில்லி சேர்த்துத் தட்டில் ஊற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் உறைந்துவிடும். சிவப்பு நிறம் வேண்டுமா? ஒரு துண்டு பீட்ரூட்டை அரைத்து வடித்த சாறு இரண்டு கரண்டி போதும். பஞ்சு மிட்டாய்ச் சாயத்துக்கு நம் சமையலறையில் வேலையே இல்லை.

கருவியைக் காக்கும் வழி

மிக்ஸி நெடுநாள் உழைக்கச் சில விதிகள். பெரும்பாலான மிக்ஸிகள் ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஓய்வு தரும் முறைக்கே அமைந்தவை. சுமை மிகுந்து திடீரென நின்றுவிட்டால் பழுதென்று பதறாதீர்கள். மின்இணைப்பைத் துண்டித்து, ஜாரில் உள்ளதைக் குறைத்து, சிறிது நேரம் ஆறவிட்டு, அடிப்பாகத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடும். கொதிக்கும் பொருளை மூடிய ஜாரில் ஓட்டக் கூடாது. ஆவி மூடியைத் தூக்கி எறிந்து முகத்தைச் சுட்டுவிடும். ஜாருக்குள் கை விடுமுன் மின்செருகியைப் பிடுங்குவது கட்டாயம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் அதன் இடுக்கில் பழைய மாவு புளித்து, புதிய பண்டத்தைக் கெடுக்கும்.

மின்கட்டணம் குறித்த அச்சமும் தேவையற்றது. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் செலவாவது 0.06 யூனிட் அளவே. செலவாவது மின்சாரத்தைவிட அண்டை வீட்டாரின் உறக்கம்! ஆகவே ஸஹர் நேரத்துக்கு வேண்டியதை முன்னிரவிலேயே அரைத்து வைத்துக்கொள்வது நல்ல பண்பு.

வேலை யாருடையது?

இனிச் சொல்லப்போவது சகோதரிகளுக்கன்று, வீட்டு ஆண்களுக்கு. கருவி வந்ததால் பெண்களின் வேலை குறைந்துவிட்டதென்று நினைக்கிறோம். உண்மையில் பல வீடுகளில் நடப்பது வேறு. முன்பு பெருநாளுக்கு மட்டும் செய்த பண்டத்தை, "மிக்ஸிதான் இருக்கிறதே" என்று வாரந்தோறும் கேட்கிறோம். முன்பு ஒரு சட்னி; இன்று மூன்று. அம்மி மிச்சப்படுத்திய நேரத்தை நம் நாக்கு மீண்டும் பறித்துக்கொள்கிறது. மிக்ஸி அரைக்கும், ஆனால் கடலையை வறுப்பதும் தோல் நீக்குவதும் ஜாரைக் கழுவுவதும் அதற்குத் தெரியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவி வந்தார்கள் என்பதை நாம் மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அதைச் சமையலறையிலும் காட்ட வேண்டாமா? விடுமுறை நாளில் தந்தை கடலை வறுக்கட்டும். மகன் தோல் புடைக்கட்டும். மகள் உருண்டை பிடிக்கட்டும். உண்டபின் ஜாரை மகனே கழுவட்டும். தன் கையால் பிடித்த உருண்டையை எந்தப் பிள்ளையும் வேண்டாமென்று ஒதுக்குவதில்லை. பாக்கெட் ஆசையைக் கண்டிப்பால் ஒழிக்க முயன்று களைத்த பெற்றோர், இந்த வழியைச் சோதித்துப் பார்க்கலாம்.

அளவே அழகு

வீட்டில் செய்தது என்பதற்காக அளவின்றி உண்ணலாமா? கூடாது. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையின் வடிவங்களே. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றின் உணவு ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருப்பது மேலும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஐந்து விழுக்காடு என்பது பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், ஆறு தேக்கரண்டிதான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான ஆய்வு கூறியது. ஆகவே உருண்டைகளைச் சிறியதாகப் பிடியுங்கள். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு வட்டலப்பத்தைத் தட்டில் வைத்து வற்புறுத்தாதீர்கள், அது அன்பாகாது.

சிறு கணக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய்ப் பாக்கெட் என்றால் மாதம் 600 ரூபாய். அந்தத் தொகைக்கு உங்கள் ஊர்க் கடையில் எவ்வளவு கடலையும் எள்ளும் வெல்லமும் கிடைக்கும் என்று விசாரித்துப் பாருங்கள். கைத்திறன் மிகுந்த சகோதரிகள் இதையே சிறு வருவாயாகவும் ஆக்கிக்கொள்ளலாம். கணவரை இழந்து, வெளியே வேலைக்குச் செல்ல இயலாதிருக்கும் பெண்களுக்கு இது கண்ணியமான வழி. விற்பனை என்று வந்துவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது சட்டப்படி தேவை என்பதை மறவாதீர்கள். அவர்களிடம் வாங்கி ஆதரிப்பது நம் ஜமாஅத்தாரின் பொறுப்பு.

வாசகப் பெருமக்களே! இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள். கால் கிலோ கடலை போதும். செய்ததில் ஒரு கிண்ணம், அடுத்த வீட்டுக்கும் போகட்டும். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரே. பாக்கெட்டைப் பிரித்து அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டில் செய்த பலகாரம்தான் எதிர்வீட்டு வாசலைத் தாண்டும். உங்கள் இல்லங்களில் ஆரோக்கியமும் பரக்கத்தும் நிறைய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!